பால் கம்பளி, விறகு பஸ், கந்தகக் கரி: முசோலினி காலத்துத் தற்சார்புச் சரக்குகள் எப்படி?

1935 நவம்பர் 18 அன்று இத்தாலி மீது உலக நாடுகள் சங்கத்தின் பொருளாதாரத் தடை அமலுக்கு வந்தது. எத்தியோப்பியா மீது படையெடுத்ததற்கான தண்டனை அது. பெட்ரோலும் நிலக்கரியும் தடைப் பட்டியலில் இல்லை, சூயஸ் கால்வாயும் மூடப்படவில்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் தடையே விலக்கப்பட்டுவிட்டது. ஆனால் 1936 மார்ச் 23 அன்று முசோலினி அறிவித்த தற்சார்புத் திட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. அடுத்த ஏழு ஆண்டுகளுக்கு இத்தாலியர்கள் எதை உடுத்த வேண்டும், எதைக் குடிக்க வேண்டும், எதில் பயணம் போக வேண்டும் என்பதையெல்லாம் அது தீர்மானித்தது.

இங்கே அந்தக் கொள்கை கடைக்குக் கொண்டுவந்த சரக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். எந்தப் பொருளையும் பார்க்கிற மாதிரிதான்: எதனால் ஆனது, எப்படிச் செய்தார்கள், எவ்வளவு நாள் உழைக்கும், எங்கே பழுதாகும், கொடுத்த காசுக்குத் தகுமா. இவற்றோடு இன்னொரு கேள்வியையும் விடாமல் கேட்க வேண்டும்: இதைச் செய்வதற்காக வேறு எது இல்லாமல் போனது? தற்சார்புச் சரக்கின் உண்மையான விலை பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

லானிட்டால்

திட்டத்தின் முகம் என்று சொல்லத்தக்க சரக்கு இது. பாலிலிருந்து எடுத்த கம்பளி. அன்டோனியோ ஃபெரெட்டி என்ற வேதியியலாளர் 1930களின் நடுவில் இதைச் சாத்தியமாக்கினார். ஸ்னியா விஸ்கோசா நிறுவனம் மிலான் நகருக்கு வடக்கே செசானோ மடெர்னோவில் உற்பத்தியைத் தொடங்கியது.

செய்முறை இப்படி. வெண்ணெய் எடுத்த பாலை இளஞ்சூடாக்கி அமிலம் விட்டால் கேசீன் என்ற புரதம் திரிந்து பிரியும். அதைப் பலமுறை கழுவி, பிழிந்து, உலர்த்திப் பொடியாக்க வேண்டும். பொடியை நீர்த்த காஸ்டிக் சோடாவில் கரைத்தால் தேன்போலப் பாகு கிடைக்கும். காற்றுக் குமிழ்கள் வெளியேறவும் பதம் வரவும் அதைச் சில மணி நேரம் அப்படியே விட்டு, வடிகட்டி, நுண்துளைத் தகட்டின் வழியே கந்தக அமிலமும் உப்புகளும் உள்ள தொட்டிக்குள் அழுத்தித் தள்ள வேண்டும். தொட்டியில் பட்டதும் பாகு இழையாக உறையும். இழையை இழுத்து நீட்டி, பார்மால்டிஹைடு கரைசலில் ஊறவைத்து இறுக்கி, கழுவி, உலர்த்தி, கம்பளி முடியின் நீளத்துக்கு வெட்டினால் வேலை முடிந்தது.

தவறு நடக்கிற இடங்களும் தெளிவானவை. பாலில் கொழுப்பு மிச்சமிருந்தால் இழை பலவீனமாகும், நாளாவட்டத்தில் சிக்கு வாடையும் வரும். கோடையில் பால் ஆலைக்கு வருவதற்குள் புளித்துவிட்டால் புரதம் சிதைந்து, நூற்கும்போது இழை அறுந்துகொண்டே இருக்கும். பார்மால்டிஹைடில் ஊறியது போதாவிட்டால் துணி சலவையில் கொழகொழத்துப் போகும். அளவுக்கு மீறி ஊறினால் மடிப்புகளில் நொறுங்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பதத்தைப் பிடிப்பதுதான் தொழிலின் சூட்சுமம். ஆலை அதை ஓரளவுக்குப் பிடித்தது என்றே சொல்ல வேண்டும்.

கையில் எடுத்துப் பார்த்தால் முதல் எண்ணம் நல்லதாகவே இருக்கும். மென்மையானது, உடம்பில் குத்தாது, கம்பளியளவுக்குக் கதகதப்பும் தரும். சாயம் கம்பளியைவிட விரைவாக ஏறும். கலப்புத் துணியில் இதுவே சிக்கலாகிவிடும்: சாயப்பட்டறை கவனிக்காமல் விட்டால் பால் இழை அடர்ந்தும் கம்பளி இழை வெளிறியும் போய்த் துணி திட்டுத் திட்டாகத் தெரியும். நனையும்போதுதான் சரக்கின் உண்மையான குணம் வெளிப்படும். உலர்ந்த நிலையிலேயே கம்பளியைவிட வலுக் குறைந்த இழை, ஈரத்தில் அந்த வலுவிலும் பாதிக்கு மேல் இழந்துவிடும். காரணம் வேதியியல். கம்பளியில் மூன்று முதல் நான்கு சதவீதம் கந்தகம் உண்டு, அதன் புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பூட்டி வைப்பது கந்தகப் பிணைப்புகள்தான். கேசீனில் கந்தகம் ஒரு சதவீதத்துக்கும் கீழ். பார்மால்டிஹைடு அந்தக் குறையை முழுதாக ஈடுகட்டாது. மழையில் நனைந்த கோட்டின் முழங்கையும் காற்சட்டையின் முழங்காலும் பை மாதிரித் தொங்கிவிடும். உலர்ந்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது.

துவைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை: வெதுவெதுப்பான நீர், காரமில்லாத சோப்பு. தேய்க்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, தட்டையாக விரித்து நிழலில் உலர்த்த வேண்டும். ஈரமான அலமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த துணியில் லேசான புளித்த பால் வாடை வருவது பரவலாகச் சொல்லப்பட்ட புகார். பழைய துணி சேகரிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: நெருப்பு வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, கம்பளியைப்போல இதுவும் முடி கருகும் வாடையோடுதான் எரியும். நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கம்பளி இழையின் மேல் மீன் செதில்போல அடுக்கு இருக்கும், லானிட்டால் வழவழப்பான உருளையாகத் தெரியும். செதில் இல்லாததால் தனித்து நின்று கம்பளம்போல இறுகவும் செய்யாது.

தனித் துணியாக லானிட்டால் தேறாது. கம்பளியோடு பாதிக்குக் குறைவாகக் கலந்தால் குளிர்காலத்துக்கு ஒப்பேறும். அமெரிக்காவில் 1940களில் இதே வழியில் 'அராலாக்' என்ற இழை வந்து, சில ஆண்டுகளில் கடையைவிட்டுப் போனது. ஸ்னியாவே போருக்குப் பிறகு 'மெரினோவா' என்ற பெயரில் மேம்படுத்திய வடிவத்தை விற்றது. அதுவும் நைலானுக்கும் அக்ரிலிக்குக்கும் முன்னால் நிற்கவில்லை.

இப்போது கணக்கு. 100 லிட்டர் வெண்ணெய் எடுத்த பாலிலிருந்து சுமார் 3 கிலோ கேசீன் கிடைக்கும், ஏறக்குறைய அதே எடைக்கு இழையும் கிடைக்கும். ஆண்கள் சூட் ஒன்றுக்கு ஒன்றேகால் கிலோ துணி வேண்டும் என்று வைத்து, அதில் பாதி பால் இழை என்றால், சூட் ஒன்றுக்கு 20 லிட்டர் பால் செலவு. அந்தப் பால் வீணாகப் போய்க்கொண்டிருந்த பால் அல்ல. வட இத்தாலியில் பன்றிகளும் கன்றுகளும் அதைக் குடித்துத்தான் வளர்ந்தன, ஏழைக் குடும்பங்களின் சாப்பாட்டிலும் அது இருந்தது. அமிலம், சோடா, பார்மால்டிஹைடு, ஆலையை ஓட்டும் ஆவி எல்லாம் தனிக் கணக்கு. ஆவிக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரி கப்பலில் வந்தது.

இதைவிட முக்கியமான கேள்வி, கம்பளிக்கு ஏன் தட்டுப்பாடு என்பது. ஆடுகள் குறைந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆடுகள் ஏன் குறைந்தன என்று தேடினால் ரொட்டியில் போய் நிற்போம்.

ரொட்டி

1925 ஜூனில் முசோலினி 'கோதுமைப் போர்' அறிவித்தார். அடுத்த மாதமே இறக்குமதிக் கோதுமை மீது குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, 7.5 தங்க லிரா சுங்க வரி திரும்ப வந்தது. 1931 வாக்கில் அது 75 காகித லிராவாக ஏறியிருந்தது (காகித லிராவின் மதிப்பு தங்க லிராவைவிடக் குறைவு). உலகச் சந்தையில் கோதுமை விலை படுத்துக் கிடந்த அந்த ஆண்டுகளில் இத்தாலியில் மட்டும் அது வெளி விலையைப்போல் இரு மடங்குக்கு மேல் விற்றது. அந்த வித்தியாசத்தை ஆலைக்காரரோ அரசோ கொடுக்கவில்லை. ரொட்டி வாங்கியவர்கள் கொடுத்தார்கள். வருமானத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே செலவான குடும்பங்கள் அவை. 1927, 1930, 1934 என்று மூன்று முறை அரசாணையால் கூலி வெட்டப்பட்டதும் அதே குடும்பங்களுக்குத்தான்.

சரக்கைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. இந்தத் திட்டத்தின் பின்னால் உண்மையான அறிவியல் இருந்தது. ரியேத்தி நகரில் வேலை செய்த நசரேனோ ஸ்ட்ராம்பெல்லி, உள்ளூர்க் கோதுமையை டச்சு ரகத்தோடும், அதன் பிறகு 'அகாகோமுகி' என்ற ஜப்பானியக் குட்டை ரகத்தோடும் ஒட்டி, 'ஆர்டிட்டோ', 'மெந்தானா' போன்ற ரகங்களை உருவாக்கினார். இவற்றின் சிறப்பு இரண்டு. தாள் குட்டை என்பதால் உரம் போட்டாலும் பயிர் சாயாது. பழைய நெட்டை ரகங்களுக்கு நைட்ரஜன் அதிகம் வைத்தால் கதிரின் பாரம் தாங்காமல் வயலே படுத்துவிடும். இரண்டாவது, முன்கூட்டியே முற்றிவிடும், அதனால் துருநோயிலிருந்தும் கோடை தொடக்கத்தின் அனல்காற்றிலிருந்தும் தப்பிக்கும். 'மெந்தானா' பிற்பாடு மெக்சிகோவில், பசுமைப் புரட்சிக்குப் பேர்போன நார்மன் போர்லாக்கின் ஒட்டு வேலைகளிலும் பயன்பட்டது. ஸ்ட்ராம்பெல்லியின் ஆராய்ச்சி பாசிசத்துக்கு முன்பே தொடங்கியது, தற்சார்பு அறிவிப்பு இல்லாமலும் அது பரவியிருக்கும். உரத்திலும் ஒரு வெற்றி உண்டு. நோவாராவில் ஜாக்கமோ ஃபௌசர் உருவாக்கிய முறைப்படி, அணை மின்சாரத்தால் நீரைப் பிரித்து எடுத்த ஹைட்ரஜனிலிருந்து மோன்டெகாட்டினி நிறுவனம் அம்மோனியா செய்தது. நைட்ரஜனுக்கு வெளியார் கையை எதிர்பார்க்கத் தேவையில்லாமல் போனது. பாஸ்பேட் பாறை மட்டும் வட ஆப்பிரிக்காவிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

விளைச்சல் 1920களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 54 லட்சம் டன்னாக இருந்தது. 1933ல் 81 லட்சம் டன்னைத் தொட்டது. 1925க்கும் 1935க்கும் இடையில் கோதுமை இறக்குமதி ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு குறைந்தது. ஆட்சி பெருமையாகக் காட்டிய எண்கள் இவை, எண்கள் பொய்யும் அல்ல. ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும்: ஒருவர் தட்டில் விழுந்த கோதுமை கூடியதா? கூடவில்லை, 1920களைவிடக் குறைந்தது. உள்நாட்டு விளைச்சல் இறக்குமதியின் இடத்தைத்தான் பிடித்தது, அதுவும் அதிக விலைக்கு.

விளைச்சல் கூடிய முறையிலும் இரண்டு கதைகள் இருக்கின்றன. வடக்கே போ ஆற்றுச் சமவெளியில் பாசனமும் உரமும் எந்திரமும் இருந்தன, அங்கே ஹெக்டேருக்கான மகசூல் உயர்ந்தது. அந்த வட்டாரத்துப் பெரிய பண்ணைகளுக்குச் சுங்க வரி நல்ல லாபம். தெற்கிலும் தீவுகளிலும் நடந்தது வேறு. வரியால் உயர்ந்த விலையை நம்பி மேய்ச்சல் நிலங்களையும் சரிவுகளையும் உழுதார்கள். மெல்லிய மண், குறைந்த மழை. இரண்டு மூன்று அறுவடைக்குள் மகசூல் இறங்கிவிடும், சரிவில் மண்ணும் கரைந்து போகும். திராட்சையும் ஆலிவும் எலுமிச்சை வகைகளும்தான் அந்த மண்ணுக்கு ஏற்றவை. அவற்றுக்கு வெளிச்சந்தையும் இருந்தது. ஆனால் 1926ல் தொடங்கி லிராவை வம்படியாக உயர்த்தி, 1927 டிசம்பரில் பவுண்டுக்கு 92.46 லிரா என்று கட்டிப்போட்டதில் அந்த ஏற்றுமதிச் சரக்கெல்லாம் வெளிநாட்டில் விலை கூடி அடிபட்டது. ஏற்றுமதியில் சம்பாதித்து மலிவான கோதுமை வாங்கியிருக்க வேண்டிய நிலம், வாங்கக்கூடியதைவிட அதிகச் செலவில் கோதுமையை விளைவித்தது.

மேய்ச்சல் போனதும் மந்தை போயிற்று. அப்பெனைன் மலைகளுக்கும் சமவெளிக்கும் இடையே பருவத்துக்குப் பருவம் நடந்த ஆட்டு மந்தைகள் குளிர்காலப் புல்வெளிகளை இழந்தன. ஆடு குறைந்தால் கம்பளி, பாலாடைக்கட்டி, இறைச்சி மூன்றும் குறையும். அதோடு எருவும் குறையும், எரு குறைந்தால் அதே கோதுமை வயலுக்குக் கூடுதல் உரம் வாங்க வேண்டும். கம்பளித் தட்டுப்பாட்டைத் தீர்க்க மாட்டுப் பாலை நூற்கப் போனார்கள். ஒரு துறையின் பற்றாக்குறையை இன்னொரு துறையின் தலையில் ஏற்றிக்கொண்டே போகிற இந்தச் சுற்றைப் பார்க்காமல் லானிட்டாலின் விலையைச் சரியாகக் கணக்கிட முடியாது.

ரொட்டியின் தரமும் சரிந்தது. மாவில் தவிடு கூடியது, பிற்பாடு மக்காச்சோள மாவும் கலந்தார்கள். மக்காச்சோளத்தில் பசைப்புரதம் கிடையாது, மாவு நொதித்தாலும் காற்றைப் பிடித்து வைக்காது. ரொட்டி உப்பாமல் கனத்துப்போய், மறுநாளே உதிரும். 1936ல் தொடங்கிய கட்டாயக் கொள்முதலில் விவசாயி தன் கோதுமையை அரசுக் கிடங்குக்குக் கொண்டுபோய் அரசு சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். கிடங்கு விலைக்கும் கள்ளச்சந்தை விலைக்கும் இடைவெளி கூடக்கூட, கிடங்குக்கு வரும் மூட்டை குறைந்தது. 1941 அக்டோபரில் ரொட்டிக்குப் பங்கீடு வந்தது, ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 கிராம். 1942 மார்ச்சில் அது 150 கிராமாகக் குறைந்தது. பதினாறு ஆண்டுகள் கோதுமைக்காகவே நடந்த ஒரு 'போர்' அந்த அளவில் வந்து நின்றது.

விறகில் ஓடும் பஸ்

பெட்ரோலுக்கு மாற்றாக, குறைந்த காற்றில் விறகை எரித்து எஞ்சினை ஓட்டும் வாயுவை எடுக்கிற விறகுவாயு உலையை, இத்தாலிய மொழியில் 'கசோஜெனோ'வை, ஓர் எந்திரமாகப் பார்த்தால் மரியாதை வரும். தற்சார்புக் காலத்தின் சரக்குகளில் பழுதுபார்ப்பவனுக்குப் பிடித்தது இதுவாகத்தான் இருந்திருக்கும். எல்லாம் தகரமும் குழாயும் சல்லடையும்தான், எந்தப் பட்டறையிலும் ஒட்டுப்போட்டுவிடலாம்.

பாகங்கள்: மேலே விறகுத் தொட்டி, அதன் கீழே காற்று நுழையும் குழல்கள், குறுகிய கழுத்து, அதற்கடியில் சல்லடை, சாம்பல் அறை. வெளியே தூசி பிரிக்கும் உருளை, குளிர்விக்கும் குழாய்கள், துணியோ தக்கையோ நிரப்பிய வடிகட்டி, தொடக்கத்தில் இழுத்துவிட ஊதுவிசிறி, எஞ்சினுக்கு முன்னால் காற்றையும் வாயுவையும் கலக்கும் வால்வு. வெளிவரும் வாயுவில் பாதியளவு நைட்ரஜன். எரியக்கூடியவை கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும், கொஞ்சம் மீத்தேனும்.

ஓட்டும் முறை: சாம்பலைத் தள்ளி, கழுத்துக்கு மேல் வரும்வரை கரி நிரப்ப வேண்டும். அதற்கு மேலே உள்ளங்கையளவு விறகுத் துண்டுகள், ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மூடியை இறுக்கி, ஊதுவிசிறியைச் சுழற்றி, குழல் வழியே தீ வைத்து, சோதனைக் குழாயில் வரும் வாயு நின்று எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பத்து நிமிடம் ஆகலாம், குளிரில் இருபதும் ஆகலாம். அதன் பிறகே எஞ்சின். வாயு மெதுவாக எரிவதால் தீப்பொறியின் நேரத்தையும் முன்னால் தள்ளி வைக்க வேண்டும்.

பழுதில் பெரும்பகுதி ஈர விறகிலிருந்து வரும். ஈரம் இருந்தால் கழுத்தில் சூடு இறங்கும், சூடு இறங்கினால் தார் உடையாமல் வாயுவோடு போய்விடும். அந்தத் தார் உள்வால்வின் தண்டில் படிந்து, எஞ்சின் ஆறியதும் பசைபோல இறுகும். காலையில் வால்வு திறக்காது. துண்டுகள் பெரியதாக இருந்தால் தொட்டிக்குள் பாலம்போலச் சிக்கி நிற்கும், கீழே கரி தீர்ந்துபோய் வாயு நின்றுவிடும். கம்பி விட்டுக் குத்த வேண்டும். வடிகட்டியைத் துப்புரவு செய்யாவிட்டால் சாம்பல் எஞ்சினுக்குள் போய் உருளையைத் தேய்த்துவிடும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது கசிவு. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையில்லை. மூடிய கொட்டகையில் உலையைத் திறப்பதோ, தீ அடங்காத வண்டியை உள்ளே நிறுத்துவதோ உயிருக்கு ஆபத்து.

செலவுக் கணக்குக்கு வருவோம். இரண்டரை முதல் மூன்று கிலோ காய்ந்த விறகு ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். 100 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் குடிக்கும் பஸ்ஸுக்கு 75 முதல் 90 கிலோ விறகு வேண்டும். எஞ்சினின் சக்தி மூன்றில் ஒரு பங்காவது குறையும், இத்தாலியின் மலைச்சாலைகளில் அந்தக் குறை உடனே தெரியும்: மேட்டில் கியரை இறக்கிக்கொண்டே போக வேண்டும், கூடுதல் ஆட்களை ஏற்ற முடியாது. உலையும் விறகும் சேர்ந்து சில நூறு கிலோ ஆகும், அத்தனையும் பயணிகளின் எடையிலிருந்து கழிய வேண்டியது. ஓட்டுநருக்கும் உதவியாளுக்கும் காலையில் ஒரு மணி நேரம் கூடுதல் வேலை. கரியில் ஓட்டினால் உலை சுத்தமாக இருக்கும், தார்த் தொல்லை குறையும். ஆனால் மண்மூட்டத்தில் ஒரு கிலோ கரி எடுக்க ஐந்தாறு கிலோ விறகு போகும், காடு அதற்கேற்ற வேகத்தில் தேயும்.

பெட்ரோல் அறவே கிடைக்காத நாளில் இது உயிர் காக்கும் எந்திரம், சந்தேகமில்லை. போர்க்காலத்தில் ஐரோப்பா முழுக்க இதைத்தான் மாட்டிக்கொண்டார்கள். ஆனால் கப்பலில் பெட்ரோல் வந்துகொண்டிருந்த 1930களிலேயே பஸ்களைக் கட்டாயப்படுத்தி இதற்கு மாற்றியது, ஒவ்வொரு பயணச்சீட்டின் மீதும் கண்ணுக்குத் தெரியாமல் போட்ட வரிதான். அந்தப் பயணிகளுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

மற்றவை

காபிக்குப் பதில் வறுத்த பார்லியும் சிக்கரியும். நிறம் வரும், கசப்பு வரும், காபீன் வராது. தேயிலைக்குப் பதில் கிழக்கு ஆப்பிரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வந்த 'கர்காதே', புளிச்சை வகைச் செம்பூவின் புல்லி இதழ்களைக் காய்ச்சிய புளிப்பான சிவப்புச் சாறு. குடிக்க நன்றாகவே இருக்கும், தேநீருக்கு மாற்று அல்ல.

ரேயான் ஓரளவு தேறிய சரக்கு. தற்சார்புக்கு முன்பே இத்தாலி உலகச் சந்தையில் ரேயானுக்குப் பேர்போன நாடு. குறை எங்கே என்றால், ரேயான் இழை எடுக்கும் மரக்கூழ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதற்காக ஸ்னியா நிறுவனம் ஃப்ரியூலி பகுதியில் நாணல் பயிரிட்டு அதிலிருந்து கூழெடுக்கும் ஆலையைக் கட்டியது. 1938 செப்டம்பரில் முசோலினியே வந்து திறந்துவைத்தார். அந்த இடம்தான் பிறகு டோர்விஸ்கோசா என்ற ஊரானது. ரேயான் நூற்கும் கூடங்களில் கசியும் கார்பன் டைசல்பைடு தொழிலாளரின் நரம்பைத் தாக்கும்: கால் மரத்துப்போகும், கை நடுங்கும், மனநிலை குலையும். இந்தத் தொழிலில் இது எல்லா நாட்டிலும் நடந்தது. இத்தாலியில் சுதந்திரமான தொழிற்சங்கமும் வேலைநிறுத்த உரிமையும் பறிக்கப்பட்டிருந்ததால், அதைத் தட்டிக்கேட்கத் தொழிலாளருக்கு வழி இல்லை. துணியின் அடக்க விலையில் இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அலுமினியமும் அணை மின்சாரமும் இந்தப் பட்டியலில் தயக்கமில்லாமல் பரிந்துரைக்கக்கூடியவை. அலுமினியத் தாதுவான பாக்சைட் அன்று இத்தாலியின் கையில் இருந்த இஸ்திரியாவில் கிடைத்தது, ஆல்ப்ஸ் அருவிகளில் மின்சாரம் கிடைத்தது. ரயில்பாதைகளை மின்மயமாக்கியதில் நிலக்கரி உண்மையாகவே மிச்சமானது. 1934ல் திறந்த பொலோனியா–ஃப்ளோரன்ஸ் நேர்பாதை இன்றும் ஓடுகிறது. நாட்டில் இயல்பாகக் கிடைப்பதை வைத்துச் செய்தவை இவை. சுங்கத் தடுப்புச் சுவர் இல்லாமலும் இவை நிலைத்தன, 1945க்குப் பிறகும் நிலைத்தன.

கடைக்கு யார் சரக்கு கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1933 ஜனவரிச் சட்டப்படி புதிய ஆலை கட்டவோ பழையதைப் பெரிதாக்கவோ அரசின் அனுமதி வேண்டும். 1934 டிசம்பரில் அந்நியச் செலாவணி முழுக்க அரசின் கைக்குப் போனது. அதை நிர்வகித்த ஃபெலிச்சே குவர்னேரியின் துறை உரிமம் கொடுத்தால்தான் கச்சாப்பொருள் வரும். முன்பு எவ்வளவு இறக்குமதி செய்தாய் என்பதை வைத்து ஒதுக்கீடு செய்தால், ஏற்கெனவே பெரியவன் பெரியவனாகவே இருப்பான், புதிதாக வருபவனுக்கு மூட்டை கிடைக்காது. சின்னப் பட்டறைக்காரர் ஒருவர் தாமிரக் கம்பிக்காக ரோமில் அலைய வேண்டும், மோன்டெகாட்டினி, ஃபியட் போன்ற நிறுவனங்களுக்கு ரோமிலேயே ஆள் இருந்தது. போட்டி செத்த சந்தையில் தரத்தைக் கூட்ட யாருக்கும் நெருக்கடி இல்லை. முழங்கை தொங்கும் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடைக்குப் போகலாம் என்றால், அந்தக் கடையிலும் அதே துணிதான்.

சுல்சிஸ் நிலக்கரி

கடைசியாக, எல்லாச் சரக்குக்கும் அடியில் கிடந்த சரக்கு. இத்தாலி ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி டன் நிலக்கரி இறக்குமதி செய்துகொண்டிருந்தது. அதைக் குறைக்க 1935ல் அரசு நிலக்கரி நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, சார்டீனியாவின் தென்மேற்கில் சுல்சிஸ் சுரங்கங்களையும் இஸ்திரியாவில் அர்சா சுரங்கத்தையும் விரித்தது. 1938 டிசம்பர் 18 அன்று கார்போனியா என்ற புது நகரத்தையே முசோலினி திறந்துவைத்தார்.

இந்தக் கரியை வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் கந்தகம். ஐந்து சதவீதத்துக்கு மேல் கந்தகம் உள்ள கரி எரியும்போது கொதிகலனின் குளிர்ந்த முனையில் அமிலமாகப் படிந்து குழாயை அரிக்கும். கோக் ஆகாது (கோக் என்பது கரியைச் சுட்டு எடுக்கும் உருக்காலை எரிபொருள்), அதனால் இரும்பு உருக்க உதவாது. குவித்து வைத்தால் உள்ளே சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும், எனவே குவியலைத் தாழ்வாகப் பரப்பி, பழையதை முதலில் எடுத்து எரிக்க வேண்டும். வெளிநாட்டுக் கரியோடு கலந்து எரித்தால் சமாளிக்கலாம். மின்நிலையத்துக்குச் சரி, உருக்காலைக்குச் சரியில்லை. அதன் மனித விலை அர்சாவில் தெரிந்தது: 1940 பிப்ரவரி 28 அன்று நடந்த வெடிப்பில் 185 பேர் இறந்தார்கள்.

உற்பத்தி பல மடங்கு ஏறி, சுல்சிஸ் மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னைத் தாண்டியது. தேவையோ கோடிக் கணக்கில் இருந்தது. புதிய தற்சார்பு ஆலைகளே அந்தத் தேவையை ஏற்றிவிட்டிருந்தன: ரேயானுக்கு ஆவி, உரத்துக்குச் சூளை, எஃகுக்குக் கோக். அந்நியரைச் சாராமல் இருக்கும் திட்டம், யாரைச் சார்வது என்பதை மட்டும் மாற்றியது. 1940 மார்ச் 1 முதல் இத்தாலிக்குக் கடல் வழியாகப் போன ஜெர்மன் கரியைப் பிரிட்டன் தடுத்தது. அதே மாதத்தில் ஜெர்மனி ஆண்டுக்கு 1.2 கோடி டன் கரியை ரயிலில் அனுப்ப ஒப்புக்கொண்டது. நாளொன்றுக்குச் சுமார் 33,000 டன், அதாவது ஆயிரம் டன் ஏற்றும் ரயில்கள் தினமும் 33, அத்தனையும் ஆல்ப்ஸ் கணவாய்களைத் தாண்டி வர வேண்டும். எந்த வாரம் எத்தனை ரயில் வரும் என்பதை முடிவு செய்யும் மேசை ரோமில் இல்லை, பெர்லினில் இருந்தது. அதே ஆண்டு ஜூன் 10 அன்று இத்தாலி ஜெர்மனியின் பக்கம் போரில் இறங்கியது.